ஃப்யூஸ் போன பல்பும் எங்கள் சினிமாவும்

(குறும்படத் திரையிடலைத் தொடர்ந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



இப்ப நீங்க பார்த்த படம் 17 நிமிஷம். முடிக்க 3 வருஷம் ஆச்சு. படப்பிடிப்பு மொத்தமே 7 நாள்தான். மிச்ச காலம் எதில் போனது என்பதைப் பேசலாம்னு நினைக்கிறேன்.

படத்துல வர்ற விளையாட்டு 1980களில் நாங்க விளையாடினது. டூரிங் டாக்கீஸ் பக்கம் வெட்டிப் போட்ட பிலிம் துண்டுகளைப் பொறுக்கி வருவோம். ஃப்யூஸ் போன பல்பின் அடியைத் தட்டி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணி நிரப்பினா அதுதான் லென்ஸ். குடிசைக்குள்ள இருட்டு. வெளியே ஒருத்தன் முகம் பார்க்குற கண்ணாடியில வெயிலை வாங்கி, கதவு ஓட்டை வழியா உள்ளே அடிப்பான். அந்த வெளிச்சம் பிலிமைக் கடந்து, பல்பு வழியாகப் போய், வேட்டியில் படமாக விழும். பிலிமைத் தலைகீழாப் பிடிச்சாத்தான் படம் நேரா நிக்கும். சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் திருப்பிக்கிட்டே இருக்கணும். வேட்டியில எம்.ஜி.ஆர். அசையாம நிப்பார். அவரை நடக்க வச்சது, பேச வச்சது, கத்திச்சண்டை போட வச்சதெல்லாம் எங்க வாய்தான். துண்டில் இல்லாத முன்கதையும் பின்கதையும் நாங்கள் உண்டாக்கியவை.

ஒரே சிக்கல், எங்க சேரியில கரண்டு கிடையாது. அப்புறம் ஃப்யூஸ் போன பல்புக்கு எங்க போறது? ஊர்த்தெருக் குப்பைமேட்டுக்குத்தான் போகணும். போனவன் உதை வாங்காம திரும்பணும். இதுதான் கதை.

முதல் எடிட்டிங்கில் பல்பு எடுக்கப் போன பையன் அடிபடுறது 4 நிமிஷம். பிள்ளைங்க படம் காட்டுறது 1 நிமிஷம். நடிச்ச பிள்ளைகளுக்கே முதலில் போட்டுக் காட்டினேன். ஒரு பையன் கேட்டான்: “அண்ணே, நாங்க படம் காட்டினது எங்கண்ணே? அடி வாங்குறதே இவ்ளோ நேரம் ஓடுது?”

எனக்குப் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், நம் பிள்ளைகள் திரைக்கு வருவதே பசிக்க, அழ, அடிபட, சாகத்தான். கற்பனை என்பது வசதியான வீட்டுக் குழந்தைக்குரியதாகப் பொதுப்புத்தியில் பதிந்துவிட்டது. ஆதிக்க சாதி நம்மை வெறும் உடம்பாகப் பார்க்கிறது. அதே கண்ணை நானும் கேமராவுல மாட்டியிருந்தேன்.

நாகராஜ் மஞ்சுளே 2013இல் எடுத்த ‘ஃபன்றி’ மராத்திப் படத்தைப் பல தோழர்கள் பார்த்திருப்பீங்க. அதில் ஜப்யா ஒரு கருங்குருவியைத் தேடி அலையுறான். அதை எரிச்ச சாம்பலைத் தூவினா, தான் விரும்புற பொண்ணு தன்னை விரும்புவாள்னு நம்புறான். கடைசியில் ஊரே பார்த்துச் சிரிக்க, அவன் பன்றி பிடிக்க வேண்டியதாகிறது. முடிவில் அவன் எறியும் கல் நம்மை நோக்கி வருது. அந்தக் குருவி இல்லாட்டி அந்தக் கல்லுக்கு அவ்வளவு கனம் வந்திருக்காது.

அடிக்கிற காட்சியை எடுத்துட்டேன். மறுபடி ஒரு நாள் படப்பிடிப்பு நடத்தினோம். இப்ப பையன் பல்போட திரும்பி வர்றான். கை வீங்கியிருக்கு. அவன் எதுவும் சொல்லலை. அந்தக் கையாலதான் கண்ணாடியைப் பிடிக்கிறான். கை நடுங்க, வேட்டியில படமும் நடுங்குது. உள்ளே இருக்கிற பிள்ளைங்க “பூகம்பம் டோய்!”னு கத்தி அதையும் கதையில சேர்த்துக்கிறாங்க. அந்த வசனம் நான் எழுதினதில்ல. பிள்ளைங்களே சொன்னது.

படத்தை முடிக்கப் பணம் தர்றதாச் சொன்ன ஒரு நிறுவனம் இதைப் பார்த்துட்டு ஒதுங்கிக்கிச்சு. அடி வாங்குற காட்சிதான் வெளிநாட்டு விழாக்களில் எடுபடுமாம். 2 வருஷம் படம் அப்படியே கிடந்தது. 1986இல் வந்த ‘அம்ம அறியான்’ படத்துக்கு ஜான் ஆபிரகாமும் ஒடேசா தோழர்களும் மக்கள்கிட்டயே காசு திரட்டினாங்க. நாங்களும் அப்படி 50, 100ன்னு வாங்கினோம். ஒலிக்கலவை செஞ்ச தோழர் பாதிக் கூலிதான் வாங்கினார். இன்னும் கடன் இருக்கு.

“வன்கொடுமையை மறைச்சிட்டீங்களே”ன்னு ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. வன்கொடுமைகளைப் பதிவு செய்யும் வேலை ஒருநாளும் நிற்கக்கூடாது. ஆனா அந்தப் பதிவில் பிள்ளையோட பேரு, வயசு, காயம் இருக்கும். அன்னைக்குக் காலையில அவன் என்ன விளையாடிக்கிட்டு இருந்தான்ங்கிறது இருக்காது. எதைப் பறிச்சாங்கன்னு தெரிஞ்சாத்தானே பறிச்சவன்கிட்ட முழுசாக் கணக்குக் கேட்க முடியும்?

முதல் திரையிடலை அதே சேரியில வேட்டி கட்டி நடத்தினோம். இப்ப அங்க கரண்டு இருக்கு. அன்னைக்குக் கேள்வி கேட்ட பையன் படம் முடிஞ்சதும் எழுந்து, “இன்னொருக்கா போடுங்கண்ணே”ன்னான். போட்டோம்.

நான் பேசினது போதும். இனி நீங்க பேசுங்க. விமர்சனத்தை மட்டும் மிச்சம் வைக்காதீங்க.