கிராமத்தில் தொழில் வைக்க யாருக்கு உரிமை?

(கிராமச் சுயமரியாதைக் கூட்டம் ஒன்றில் செய்த பிரசங்கம்)



இன்று நம்மைப் பேசச் சொன்ன விஷயம் கிராமங்களில் புதுத் தொழில் உண்டாக்குவதைப் பற்றியதாகும். கிராமத்தான் பட்டணத்துக்குக் கூலிக்கு ஓடுவது நிற்க வேண்டுமானால், அங்கங்கே தொழில் துவக்குகிறவர்களுக்கு முதல் கொடுத்து ஆதரிக்க வேண்டும் என்று சர்க்காரும் சொல்லுகின்றது, பாங்கிக்காரரும் சொல்லுகின்றார். நாமும் அதை மறுக்கவில்லை. ஆனால் நமது கிராமத்தில் ஒருவன் தொழில் வைக்கப் போனால், "உன்னிடம் பணம் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன், "நீ என்ன ஜாதி?" என்றல்லவா கேட்கின்றார்கள்? இதற்குப் பரிகாரம் தேடாமல் முதலைப் பற்றி மட்டும் பேசுவது ஓட்டைச் சாலில் தண்ணீர் இறைப்பதாகும்.

சிவகாசியை எடுத்துக்கொள்ளுங்கள். மழை குறைந்த கரிசல் சீமை. அங்கு வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர்கள், பனையேறிகள் என்று இழிவுபடுத்தப்பட்டுக் கோயில் வாசலில் தடுக்கப்பட்ட வகுப்பார். கோயிலில் நுழைய உரிமை கேட்ட தகராறில் 1899-ல் அவர்கள் ஊர் கொள்ளையடிக்கப்பட்டது, வீடுகள் கொளுத்தப்பட்டன. உள்ளே இருந்த சாமி எழுந்து வந்து ஒரு வீட்டின் நெருப்பையாவது அணைத்ததா?

அதே ஊரிலிருந்து 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்து, அடுத்த ஆண்டே தொழிற்சாலை துவக்கினார்கள். (ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்க 1929 செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானித்த இயக்கத்தார் நாம். பட்டத்தோடு சொன்னால்தான் உங்களுக்கு ஆள் தெரியும் என்பதற்காகச் சொல்லுகின்றோம்.) சுவீடன் தேசத்துப் பெரிய கம்பெனியும் அதே 1923-ல் இந்நாட்டில் வந்து தீப்பெட்டித் தொழில் துவக்கிற்று. அதனிடம் யந்திரம் இருந்தது, கோடிக்கணக்கில் பணம் இருந்தது. சிவகாசியாரிடம் இருந்தது கை. குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு வேலையாயிற்று. பிற்காலத்தில் சிறு தொழிற்சாலைகளுக்கு எக்சைஸ் வரியில் சலுகையும் கிடைத்தது. சர்க்கார் ஆதரவு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்?

இவர்களுக்கு லக்ஷ்மி கடாக்ஷம் வந்துவிட்டதென்று சிலர் சொல்லுவார்கள். கடாக்ஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. மகமை என்று ஒரு ஏற்பாடு இருந்தது. விற்கும் சரக்கில் இத்தனைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் பொது நிதிக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், விருதுநகரில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1921-ல் தூத்துக்குடியில் பாங்கியே ஏற்படுத்தினார்கள். அதுதான் 1962-ல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்கியாகப் பெயர் மாறியது. பள்ளிக்கூடத்துக்கு "க்ஷத்திரிய வித்தியாசாலை" என்று பேர் வைத்தது மட்டும் நமக்குச் சம்மதமில்லை. நம்மை இழிவுபடுத்திய ஏணியிலேயே இரண்டு படி மேலே இடம் கேட்பானேன்?

சோசியருக்கும் ஒரு வார்த்தை. ராகு காலத்தில் கடை திறந்தால் நஷ்டம் வரும் என்கின்றார். வாங்கின கடனுக்கு ராகு காலத்தில் வட்டி ஓடாமல் நிற்கின்றதா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சிவகாசித் தீப்பெட்டி ஊரெல்லாம் விலைபோனதற்குக் கைத்திறன் ஒரு காரணம். மற்றொரு காரணம், தீப்பெட்டியைப் பார்த்தால் அதைச் செய்தவன் ஜாதி தெரியாது என்பது. அக்கிரகாரத்து அடுப்பும் அந்தக் குச்சியால்தான் பற்றிற்று. ஆனால் ஒரு ஆதிதிராவிடத் தோழர் கடன் வாங்கித் தன் சொந்த ஊரிலேயே டீக்கடை வைக்கட்டும். கிளாசில் ஜாதி தெரிந்துவிடுகின்றதே! பால் அதே பால், தூள் அதே தூள். குடிக்க வருகிறவன் எத்தனை பேர்? 2018-ல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஊரார் தடுத்தார்களா, இல்லையா? பிள்ளைகளுக்குச் சர்க்கார் போடும் சோற்றுக்கே இந்தக் கதியென்றால், கடன்பட்டுக் கடை போட்டவன் தவணையை எதைக் கொண்டு கட்டுவான்? அவன் கடை மூடியபின், "இவர்களுக்கு வியாபார புத்தி கிடையாது" என்றும் சொல்லிவிடுவார்கள்!

கடன் கொடுக்கும் திட்டத்திலும் சூது உண்டு. 1953-ல் அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஆச்சாரியார் சர்க்கார் கொண்டுவந்ததும், பெரியார் எதிர்த்துக் கிளம்பியதும், 1954-ல் அது ஒழிந்ததும் உங்களுக்குத் தெரியும். 2023-ல் மத்திய சர்க்கார் விஸ்வகர்மா என்னும் பேரில் 18 கைத்தொழில்களுக்குக் கடன் திட்டம் கொண்டுவந்தது. குறைந்த வட்டியும் பயிற்சியும் நல்லதுதான். ஆனால் குடும்பத்தின் பரம்பரைத் தொழிலாக இருக்க வேண்டும், 18 வயதானால் போதும் என்றால் அதற்கு அர்த்தமென்ன? காலேஜுக்குப் போக வேண்டிய வயதில் சவரக்கத்தியைக் கையில் கொடுப்பதல்லவா? சென்னை சர்க்கார் பரம்பரை நிபந்தனையை எடுக்கச் சொல்லியும், வயதை 35 ஆக்கச் சொல்லியும் 2024-ல் கடிதம் எழுதிற்று. பிறகு பரம்பரை கேளாத தனித் திட்டமும் போட்டது. யார் போட்டாலும் நமது கேள்வி ஒன்றுதான்: சக்கிலியர் என்று தள்ளப்பட்டவர் மகன் அச்சுக்கூடம் வைக்கவும், அய்யர் மகன் செருப்புத் தைக்கவும் கடன் உண்டா?

சிவகாசியில் எல்லாம் சரி என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய குழந்தைகளை விடியுமுன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் குச்சி அடுக்க வைத்ததும் அதே தொழில்தான். சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருகாலத்தில் மிதிக்கப்பட்டவன் முதலாளியானால் மிதிக்கமாட்டான் என்பது நிச்சயமில்லை. ஆகவே மகமை வேண்டும், ஒரு ஜாதிக்கு மட்டும் உரிய மகமை வேண்டாம். இவ்வூரில் மாதம் பத்து ரூபாய் போட நூறு பேர் கிடையாதா? கோயில் கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்குகின்றீர்களே! அந்த வரியை ஒரு வருஷம் நிறுத்தி, பெண்களிடம் கணக்கை ஒப்படைத்து, ஜாதி பாராமல் கைமாற்றுக் கொடுத்துப் பாருங்கள்.

பந்தலுக்குத் தென்புறம் சேரித் தோழர் ஒருவர் போன மாதம் டீக்கடை போட்டிருக்கின்றார். நாம் வரும்போது பெஞ்சியில் இரண்டே பேர், இருவரும் அவர் உறவினர். கூட்டம் முடிந்ததும் தலைவர் முதலாக எல்லோரும் அங்கே போகின்றோம். காசு அவரவர் கொடுக்க வேண்டும்.