இளையபெருமாள் அறிக்கையும் நம் மறதியும்



இந்த நினைவுச் சொற்பொழிவில் எல். இளையபெருமாளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ‘காங்கிரஸ்காரர்தானே?’ ஆம், காங்கிரஸ்காரர்தான். காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து எழுந்து, 1952 முதல் பொதுத்தேர்தலிலேயே மக்களவைக்குப் போனவர். 1979இல் தமிழ்நாடு காங்கிரசுக்குத் தலைவரானவர். பின்னாளில் வெளியேறித் தனிக்கட்சி கண்டவர். 2005இல் காலமானார். ஆனால் அவரைக் கட்சிப் பெட்டிக்குள் போட்டு மூடினால், 1969ஆம் ஆண்டு அறிக்கையும் அதற்குள்ளேயே போய்விடுகிறது. என் கவலை அதுதான்.

தீண்டாமையையும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராய 1965இல் இந்திய அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தது 1968 டிசம்பர் 25இல். அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் அறிக்கை வந்தது.

பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும், சாதி பார்க்காமல் தகுதியுள்ள எவருக்கும் பயிற்சி கொடுத்து அர்ச்சகராக்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. பெரியார் கருவறை நுழைவுப் போராட்டம் அறிவித்ததும், கலைஞர் அரசு 1970இல் அறநிலையச் சட்டத்தைத் திருத்தியதும் நாம் மேடைதோறும் பேசுபவை. அந்த மசோதாவின் நோக்க விளக்கவுரை இந்தக் குழுவின் பரிந்துரையைத்தான் எடுத்துக்காட்டியது என்பதை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்? பெரியாரின் பங்கைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ஒரு தலித் தலைவரின் கையெழுத்து அதில் இருக்கிறது, அது அழிந்துபோயிருக்கிறது என்கிறேன். 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்றது. ஆனால் நியமனம் ஆகமப்படிதான் என்று வாசலில் ஆகமத்தைக் காவல் வைத்தது. தகுதியும் பயிற்சியும் உள்ள அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற அரசாணை 2006இல்தான் வந்தது.

இன்னொன்று தண்டனைச் சட்டம். 1955 தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வழக்கைச் சமரசமாகவும் முடிக்கலாம். ஊர்ப் பண்ணையாரும் அவரிடம் கூலிக்குப் போகிறவரும் செய்துகொள்ளும் ‘சமரசம்’ எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குழுவின் பரிந்துரைகளையொட்டி 1972இல் திருத்த மசோதா வந்தது. நிறைவேறியது 1976இல், அதுவும் நெருக்கடி நிலைக் காலத்தில். குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. குறைந்தது ஒரு மாதச் சிறை, அதோடு அபராதமும் என்றானது. சமரசத்துக்கு இடமில்லாமல் போனது.

காந்தியக் கட்சியில் இருந்தவர், தீண்டாமைக்கு மருந்தாக மனமாற்றத்தை நம்பிக் காத்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோயில், காவல் நிலையம், நீதிமன்றம் என்று நிறுவனங்களின் மீது கை வைத்தார்.

1976 சட்டத்தின் 10ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். தீண்டாமைக் குற்றத்தை விசாரிப்பதில் வேண்டுமென்றே அலட்சியம் காட்டும் அரசு ஊழியர் அந்தக் குற்றத்துக்குத் துணைபோனவராகக் கருதப்படுவார். புகாரை வாங்க மறுக்கும் காவல் நிலையத்துக்கு அடுத்தமுறை போகும்போது, அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.