பிரஜாவுரிமை மனுக்கள் ஏன் தேங்கின?
(கஹவத்தைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் பாட்டனாரின் பிரஜாவுரிமை மனுவின் பிரதி இன்றும் என்னிடம் உண்டு. அதனோடு, கேட்ட சான்றையே திரும்பக் கேட்கும் மூன்று கடிதங்களும் உண்டு. அவர் உயிரோடிருந்தவரை முடிவு மட்டும் வரவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம்மவரை நாடற்றோராக்கிற்று. மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், மனுச் செய்தால் தருவோம் என்றது. எப்படித் தந்தார்கள்? மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழாண்டுகளும், மணமாகாதவர் பத்தாண்டுகளும் இடையறாது இங்கு வதிந்ததை நிரூபிக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊர் போய்த் தங்கினால் வதிவு அறுந்தது. மனைவி மக்களின் வதிவுக்கும் சான்று வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பத்தாட்சி ஏது? செக்றோலோ துரையின் பெட்டகத்தில்!

நம் தலைமை முதலில் மனுச் செய்வதையே பகிஷ்கரித்துக் காலம் கடத்தியதையும் நான் மறைக்க மாட்டேன். 1951 ஓகஸ்ட் 5இல் தவணை முடிந்தபோது, எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக ஏறத்தாழ 237,000 மனுக்கள் குவிந்திருந்தன. 1964 ஒப்பந்தத்துக்கு முன் உரிமை பெற்றவர்கள் சுமார் 134,000 பேர்தாம். ஒப்பந்தமோ 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கிற்று. அங்கே ஏழு பேர் என்றால் இங்கே நால்வர் என்று விகிதமும் வகுத்தார்கள். ஒருவன் மனு இன்னொருவன் கோப்புக்காகக் காத்துக் கிடந்தது!

காரியாலயத்தில் ஆள் போதவில்லை என்பார்கள். எட்டு லட்சம் பேரின் காகிதம் சிறு சுமையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தைப் பாருங்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியினரும் பிரஜைகள் என்றது. பிரகடனத்தில் ஒரு கையொப்பம், சமாதான நீதவானின் சான்று. நம்மவரில் பெரும்பாலோருக்கு அதுவே போதுமாயிற்று. ஐ.நா. அகதிகள் ஆணையகத்தின் துணையோடு பத்தே நாட்களில் 190,000 பேருக்கு மேல் உரிமை பெற்றனர். அதே மக்கள், அதே லயங்கள். மாறியது நிரூபிக்கும் பாரம் யார் தோளில் என்பதுதான்.

பிறப்பத்தாட்சி இல்லாதோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். கூட்டம் முடிந்ததும் அவர்கள் மேசையருகே வாருங்கள்; காலங்கடந்த பதிவுக்கான மனுவை எழுதித் தருகிறோம். பிரதி எடுக்காமலும் பற்றுச்சீட்டு வாங்காமலும் எந்தக் காரியாலயத்திலும் காகிதம் கொடுக்க வேண்டாம்.