டெய்லர் குடும்பமும் தங்க வயலும்

ஒரு குடும்பத் தொழில் தலைமுறை கடந்து நிலைபெறுவதற்கு மூலதனம் மட்டும் போதுமா? முன்னோர் கற்ற தொழிலறிவு பின்னோரிடம் வந்து சேர வேண்டும் அல்லவா? கோலார் தங்க வயலின் வரலாற்றில் இதற்கு ஓர் உதாரணத்தைக் காண்கிறோம்.

இங்கிலாந்தில் நார்விச் நகரில் 1779-இல் பிறந்தவர் ஜான் டெய்லர். பத்தொன்பது வயதிலேயே ஒரு தாமிரச் சுரங்கத்தின் நிர்வாகத்தை ஏற்றார். பிற்காலத்தில் தம் புதல்வர்களுடன் அவர் நடத்திய ஸ்தாபனமே ‘ஜான் டெய்லர் அண்டு சன்ஸ்’. அவர் கோலாரைக் கண்டவரல்லர், 1863-இல் காலமானார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1880-இல், அவர் பெயர் தாங்கிய ஸ்தாபனம் இங்கே வந்தது.

வந்தவுடன் பொன் கிடைத்துவிடவில்லை. போட்ட பணமெல்லாம் கரைந்து, மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனியையே கலைத்துவிடப் பங்குதாரர்கள் நினைத்தனர். எஞ்சிய பணத்தைக் கொண்டு இன்னும் ஆழமாகத் தோண்டிப் பார்ப்போம் என்றனர் டெய்லர் குடும்பத்தார். பண்டைக் காலத்தவர் தோண்டிக் கைவிட்ட குழிகளுக்குக் கீழே, காப்டன் பிளம்மரின் மேற்பார்வையில் ‘சாம்பியன்’ என்னும் வளமிக்க பொன்படிவம் அகப்பட்டது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரமும் வந்தது. பெங்களூரே அதற்குப் பின்னர்தான் மின்விளக்கைக் கண்டது.

இத்தனைக்கும் பெருமை ஒரு குடும்பத்தை மட்டுமா சாரும்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து வந்த தொழிலாளரை நாம் மறத்தலாகாது. தகிக்கும் வெப்பத்திலும், பாறை வெடித்துச் சிதறும் அபாயத்திலும் தந்தை இறங்கிய சுரங்கத்தில் மகனும் இறங்கினான். பின்பு பேரனும் இறங்கினான். அவர்களுடையதும் குடும்பத் தொழிலே. கைரேகை பதியவேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து, 1930-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தது கூலிக்காக மட்டுமன்று, மானத்துக்காகவும்தான்.

1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் வசமாயின. 1962-இல் மத்திய அரசை அடைந்தன. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்று, ஏறத்தாழ 800 டன் பொன்னை ஈந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. டெய்லர் குடும்பத்துக்கு உலகின் வேறு பகுதிகளிலும் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கோ, வேலைக்காக விடியுமுன்னே பெங்களூர் ரயிலைப் பிடிக்கும் வாழ்க்கை வாய்த்தது.

தங்க வயலில் சயனைடு மண் மலைகள் இன்றும் நிற்கின்றன. அவற்றைக் காணும்போது, கம்பெனியின் பெயர்ப்பலகையில் இடம்பெற்ற குடும்பத்தோடு, இடம்பெறாத குடும்பங்களையும் நாம் நினைவுகூர்வோமாக.