கேட்டுக் குடுக்கிற உதவி

(எமது சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடையில் பேசிப் பழகாதவள். ஏஎல் வரைதான் படிச்சனான். இப்போது பார்க் றோயல் பக்கம் ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறேன். இந்தப் புத்தாண்டுக்கு அகதிகளாய் வந்திருக்கிற எங்கட சனத்துக்கு என்ன உதவி செய்யலாம் என்று சங்கம் யோசிக்கிறது. “முகாமில இருந்தனீர்தானே, நாலு வார்த்தை சொல்லும்” என்று செயலாளர் அக்கா கேட்டதால் வந்து நிற்கிறேன்.

நான் இருந்தது செட்டிகுளம் மெனிக் பாமில். 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறிய சனத்தை வவுனியா மாவட்டத்து முகாம்களில் கொண்டுபோய் இருத்தினார்கள். மொத்தம் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் பேரளவில். அதில் பெரும் பங்கு மெனிக் பாமில். காடு வெட்டின வெளியில் வலயம் வலயமாகப் பிரித்து, கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெரிய மனிசற்ற பெயர் வைத்திருந்தார்கள். சுற்றிவர முட்கம்பி. பக்கத்து வலயத்தில் தாய் இருந்தாலும் போய்ப் பார்க்க ஏலாது.

அங்கே ஒரு நாள் எப்படி விடியும் தெரியுமோ? வாளியோட விடியும். இருட்டோட எழும்பிப் போய்த் தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் வாளியை வரிசையில் வைக்க வேணும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பது உலக நிவாரண அமைப்புகள் வைத்திருக்கிற கணக்கு. சனம் நெருங்கியிருந்த அந்த வைகாசி மாதத்தில் பல இடங்களில் அந்தக் கணக்குச் சரிவரவில்லை. ஒகஸ்ட் மாதம் பெய்த மழையில் கூடாரங்களுக்குள்ளே வெள்ளம் வந்தது. அதே மாதம் ஏஎல் சோதனையும் முகாமுக்குள்ளேயே நடந்தது. நானும் எழுதினேன்.

உதவி வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். உலக உணவுத் திட்டத்தின் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி வந்தது. யுனிசெப், ஐநா அகதிகள் நிறுவனம் எல்லாம் வேலை செய்தன. எல்லையற்ற மருத்துவர்கள் முகாமுக்கு எதிரில் ஆஸ்பத்திரி போட்டார்கள். அந்தக் கையளை மறந்தால் நாங்கள் நன்றி கெட்டவர்கள்.

ஆனால் மா வந்தால் ரொட்டி சுட விறகு வேணும். சம்பலுக்குத் தேங்காய் வேணும். பருப்பைக் குடுத்து வெங்காயம் மாத்தின சனத்தை எனக்குத் தெரியும். வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன், இது பெண்கள் கூட்டம்தானே. மாதவிலக்குத் துணிக்கும், ஒரு மாற்று உள்ளுடுப்புக்கும், இரவில் மலசலகூடம் போக ஒரு ரோச் லைற்றுக்கும் நாங்கள் பட்ட பாடு பசியை விடச் சின்னதில்லை. வயிறு மட்டும் உள்ள ஆக்களாய்த்தான் எங்களைக் கணக்கெடுத்தது போல இருந்தது.

ஒருநாள் நிவாரண வேலை செய்கிற பிள்ளை ஒன்று கொப்பியோடு வந்து, “அம்மா, உங்களுக்கு என்ன தேவை?” என்று எங்கள் கூடாரத்தில் இருந்த ஒரு கிழவியைக் கேட்டது. “பிள்ளை, எனக்கு ஒண்டும் வேண்டாம். என்ர மகன் எந்த வலயத்தில இருக்கிறான் எண்டு மட்டும் கேட்டுச் சொல்லு” என்றா அவ. அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டு போனது. பதில் வந்ததோ இல்லையோ, அண்டைக்குத்தான் அந்த மனுசி இரண்டு வாய் சாப்பிட்டா. ஒரு ஆள் வந்து கேட்டதே அவவுக்கு மருந்து.

அந்த நேரம் நீங்கள் இங்கே பாராளுமன்றச் சதுக்கத்தில் நிண்டீங்கள். ‘வணங்காமண்’ என்று சொல்லி நிவாரணம் சேர்த்துக் ‘கப்டன் அலி’ கப்பலில் அனுப்பினீங்கள். யூன் மாதம் கடற்படை அதை மறித்துத் திருப்பியது. சாமான் சென்னையில் வேறு கப்பலுக்கு மாறி, யூலையில் கொழும்புக்கு வந்து, ஒக்டோபர் வரைக்கும் துறைமுகத்தில் கிடந்தது. சண்டைக்குள்ளே பட்டினி கிடந்த சனத்துக்கு என்று கட்டின பெட்டி, சண்டை முடிந்து ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்தது. அனுப்பின மனசுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் அந்த ஐந்து மாதத்தில் எங்கட தேவையள் மாறிப்போச்சு.

மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. முகாம் வாழ்க்கை மூடப்படவில்லை. 2021 ஒக்டோபரில் டீகோ கார்சியாத் தீவில் இறங்கின எங்கட சனம் மூன்று வருசம் கூடாரத்தில் கிடந்து, 2024 டிசம்பரில்தான் இந்த நாட்டுக்கு வந்தது. இங்கேயும் அகதி விடுதியள் இருக்கு. சாப்பாடு தருகிற விடுதியில் இருப்பவருக்கு 2024 இல் அரசாங்கம் கையில் குடுத்தது வாரத்துக்கு 8 பவுண் 86 பென்ஸ். பஸ்சுக்கோ, போன் காட்டுக்கோ, பிள்ளைக்கு ஒரு பென்சிலுக்கோ எதுக்கென்று செலவழிக்கிறது?

ஆகவே சங்கத்திடம் என் வேண்டுகோள் இதுதான். வீட்டில் மிஞ்சின உடுப்பைப் பையில் கட்டிக்கொண்டு போக முதல், இரண்டு பேர் வெறுங்கையோடு போவோம். இருந்து கதைப்போம். என்ன வேணும் என்று கேட்போம். சிலருக்குச் சப்பாத்து, சிலருக்கு வழக்கறிஞரிடம் கூடவந்து மொழிபெயர்க்க ஒரு ஆள், சிலருக்கு ஊரில தாயோட கதைக்க ஒரு போன். பெண்களைப் பெண்களே தனியாகக் கேட்க வேணும். கேட்டதை எழுதி, அதன்படி காசைச் செலவழிப்போம். சனிக்கிழமையில் எனக்கு வேலையில்லை. முதல் ஆளாக நான் வாறன். கூட வர ஒரு ஆள் பெயர் குடுத்தால் போதும்.