தோலின் விறைப்பும் கணிப்பொறியும்

(கல்விக் கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஆடை வடிவமைப்பில் கணிப்பொறி புகுந்திருப்பதைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். அப்பரந்த பொருளில் ஒரு சிறு பகுதியையே எடுத்துக்கொள்கிறேன். தோல், காலருக்குள் வைக்கும் பக்ரம், பக்கிள் போன்ற விறைப்பான பொருள்களைக் கணிப்பொறித் திரையில் எவ்வாறு உருவாக்கிக் காட்டுகின்றனர் என்பதே அது.

துணியை வெட்டுமுன்பே ஆடை உடலில் எவ்வாறு படியும் என்று காட்டும் மென்பொருள்கள் இன்று வழக்கில் உள்ளன. சியோல் நகரில் 2009 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நிறுவனத்தின் ‘குளோ’ அவற்றுள் ஒன்று. இவ்வகைக் கணக்கின் எளிய வடிவில், துணி என்பது பல்லாயிரம் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் ஸ்பிரிங்குகளுமே ஆகும். ஒருவகை ஸ்பிரிங் நீள்வதைத் தடுக்கும். மற்றொன்று கோணலாகச் சாய்வதைத் தடுக்கும். மூன்றாவது மடிவதைத் தடுக்கும். மெல்லிய பருத்திக்கு இது நன்கு பொருந்துகிறது. விறைப்பினைக் கூட்டும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. கணக்கிடும் கால இடைவெளியை மிகமிகச் சிறிதாக்க வேண்டும்; இல்லையேல் புள்ளிகள் திரையெங்கும் சிதறிவிடும். ஸ்பிரிங் ஒரு வரம்பிற்குமேல் நீளாவண்ணம் திருத்தும் வழியைச் சேவியர் புரோவோ 1995 இல் வெளியிட்டார். பெரிய இடைவெளியிலும் கணக்குக் குலையாத முறையைப் பராஃப், விட்கின் இருவரும் 1998 இல் துணிக்கு வகுத்தளித்தனர்.

பக்கிளும் பொத்தானும் எளியவை. வளையாத திடப்பொருளாக வைத்துத் துணியோடு இணைத்துவிடலாம். வளைந்தும் வளையாமலும் நிற்கின்ற தோலே கடினமானது. அதற்குரிய எண்ணை எங்கிருந்து பெறுவது?

வழி பழையது. இங்கிலாந்தில் பியர்ஸ் என்னும் அறிஞர், துணியைத் தொட்டறியும் உணர்வையே அளவிட முடியும் என்று 1930 இல் எழுதினார். ஓர் அங்குல அகலத் துண்டினை மேசை விளிம்புக்கு அப்பால் மெல்ல நகர்த்த வேண்டும். விளிம்பையும் துண்டின் நுனியையும் இணைக்கும் கோடு 41.5 பாகை தாழ்ந்ததும் நிறுத்தி, வெளியே நீண்டதில் பாதியை அளந்துகொள்ள வேண்டும். அதன் மூன்றாம் படியைப் பரப்பளவுக்குரிய எடையால் பெருக்கினால் வளைவு விறைப்புக் கிடைக்கும். எடை ஒன்றாயிருக்க, நீளம் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகிறது.

ஆனால் தோல் நெய்த துணியன்று. முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் நார்கள் நெருங்கி விறைத்திருக்கும். வயிற்றுப் பகுதி தளர்ந்து இழுபடும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கும் குரோமியத்தில் பதனிட்ட தோலுக்கும் வேறுபாடு உண்டு. ஒரு தோலுக்கு ஓர் எண் என்று கணிப்பொறிக்குள் இட்டால், திரையில் தோன்றும் ஆடை பொய்யாகிவிடும். எந்த இடத்தில் முன்பாகத்தை வெட்டுவது, எந்த இடத்தைக் கைக்குக் கீழே மறைப்பது என்பதை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோலை விரலால் தடவியே சொல்லும் தொழிலாளர் இருக்கின்றனர். அவருள் மிகப் பலர் நம்மவர். அவர்தம் அறிவை இச்சமூகம் அறிவென்று கொண்டதில்லை. தீட்டு என்றே ஒதுக்கியது.

“தோலிலிருந்து விடுபடத்தானே பிள்ளையைப் படிக்க வைத்தோம், மீண்டும் அதனிடமே அனுப்புகிறீர்களா?” என்று பெற்றோர் வினவலாம். முற்றும் நியாயமான வினா. பிறப்பினால் எவரும் எத்தொழிலுக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். மருத்துவமோ சட்டமோ பயில விரும்பும் பிள்ளையை இத்துறைக்கு இழுப்பதற்கு நான் உடன்படேன். எனினும், தந்தையின் விரல் அறிந்ததை வேறொருவர் எண்ணாக்கி, அவ்வெண்ணால் வல்லுநர் என்று ஊதியம் பெறுவதையும், தந்தை அன்றாடக் கூலியாகவே நிற்பதையும் வாளா பார்த்திருக்க என்னால் இயலவில்லை. சென்னை அடையாற்றில் 1948 இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுக்கூடங்களில் நம் மாணவர் மேலும் பலர் அமர வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நம் மாலை வகுப்பிலேயே சாய்பலகை, அளவுகோல், சிறு தராசு ஆகியவற்றைக் கொண்டு இச்சோதனையை நடத்தலாம். முதுகு, தோள், வயிறு என மூன்று இடத்துத் துண்டுகள், நெடுக்கிலும் குறுக்கிலும் வெட்டப்பெற்றவை போதும். அளக்குமுன் ஒரு மூத்த தொழிலாளரை அழைத்து, கைக்கு எது விறைப்பு என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். குறிப்பேட்டில் ஒரு பத்தியில் அவர் சொன்ன வரிசையும், அடுத்ததில் அளந்த எண்ணும், தலைப்பில் அவருடைய பெயரும் எழுதப்பெறட்டும். இவ்வாண்டுக்குரிய துண்டுகளை நானே கொண்டுவந்துள்ளேன். கணக்கு வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படைக்கிறேன்.