அன்றைக்கே சொல்ல வந்தேன் சார்

(தலைமையாசிரியர்கள் மற்றும் மூத்த ஆசிரியர்களுக்கான பயிற்சியில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆசிரியர் கூட்டங்களில் பேசாமல் இருப்பவர்களைப் பேச வைப்பது எப்படி என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் தகுதி ஒன்றுதான். பேச வந்த ஒருவரின் வாயை அடைத்தவன் நான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உயர்நிலைப்பள்ளியில் பணியாற்றினேன். பணிமூப்பில் முதல் ஆள் என்பதால், தலைமையாசிரியர் வெளியே செல்லும் நாள்களில் பொறுப்பு என்னிடம் இருக்கும். அப்படி ஒருநாள் கூட்டம் நடத்தினேன். பத்தாம் வகுப்பில் மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு மாலை 4.20 முதல் 5.30 வரை சிறப்பு வகுப்பு வைக்கலாம் என்று சொன்னேன். பதினான்கு ஆசிரியர்கள் இருந்தோம். மூன்று, நான்கு பேர் பேசினார்கள், வழக்கமாகப் பேசுபவர்கள். கடைசி நாற்காலியில் இருந்த ஒரு டீச்சர், பணியில் சேர்ந்து எட்டு மாதம் ஆனவர், மெதுவாக, "சார், அந்தப் பஸ்..." என்று ஆரம்பித்தார். "டீச்சர், முதல்ல முடிவு பண்ணுவோம். சின்னச் சின்ன விஷயத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவர் குனிந்து குறிப்பேட்டில் ஏதோ எழுதத் தொடங்கிவிட்டார். "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டேன். யாரும் மறுக்கவில்லை. ஒருமனதாகத் தீர்மானம் என்று பதிவேட்டில் எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டோம்.

மூன்று வாரத்தில் ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு மாணவிகள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு மாணவியின் அம்மா சொன்னார்: "அஞ்சு பத்து பஸ்ஸு போயிருது சார். அடுத்த பஸ்ல வந்தா கைகாட்டியில எறங்கி ரெண்டு கிலோமீட்டர் இருட்டுல நடக்கணும். அவங்க அப்பா பள்ளிக்கூடமே வேண்டாம்னுட்டாரு."

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது அந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கே சொல்ல வந்தேன் சார்" என்றார். அவர் தினமும் அதே 5.10 பேருந்தில்தான் வீடு திரும்புவார். எங்கள் பதினான்கு பேரில் அந்தப் பிள்ளைகளோடு பயணம் செய்தவர் அவர் ஒருவர்தான்.

சிறப்பு வகுப்பைக் காலை 8.15க்கு மாற்றினோம். ஒரு மாணவி திரும்பி வந்தாள். இன்னொரு பெண்ணை அதற்குள் மில் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பலமுறை நடந்தும் பயனில்லை. அந்த ஆண்டு அவள் தேர்வு எழுதவில்லை. ஒரு நிமிடம் நான் பொறுத்திருந்தால் எழுதியிருப்பாள்.

நண்பர்களே, "அவர் பேசவே மாட்டார், சுபாவம் அப்படி" என்று சொல்லிவிடுகிறோம். பாதி நேரம் அது சுபாவம் இல்லை, அனுபவம். பேசியபோது என்ன கிடைத்தது என்பதை அவர் மறந்திருக்க மாட்டார்.

நம் கூட்டங்களில் பேசுபவருக்கு என்ன கிடைக்கிறது? ஒன்று, சிரிப்பு. இரண்டு, "நீங்க சொன்னா சரி, நீங்களே செஞ்சுடுங்க" என்ற பொறுப்பு. நூலகத்தை ஒழுங்குபடுத்தலாம் என்று யோசனை சொன்னவர் தலையிலேயே நூலகம் விழும். அடுத்த முறை அவர் யோசனை சொல்வாரா? மூன்று, கூட்டம் நடக்கும் நேரம். கடைசி மணி அடித்த பிறகு, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயைத் திறப்பவர் எதிரியாகிவிடுகிறார். நான்கு, பதவி வரிசை. பகுதிநேர ஆசிரியர், தற்காலிக ஆசிரியர், அலுவலக உதவியாளர் ஆகியோர் நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிடுகிறார்கள்.

இந்தப் பதவி வரிசை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயின் நாட்டின் டெனெரீஃப் தீவில், அடர்ந்த மூடுபனியில் ஓடுபாதையிலேயே இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானம் புறப்பட ஓடத் தொடங்கியபோது, அதிலிருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்தது. எதிரே உள்ள விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். தலைமை விமானி மிகவும் மூத்தவர், பெயர் பெற்றவர். விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கவனியுங்கள், அவர் பேசாமல் இருக்கவில்லை, கேட்டார். கேட்டது காதில் ஏறவில்லை. அதன்பின் விமானத் துறையில், இளையவர்கள் தயங்காமல் சொல்லவும் மூத்தவர்கள் நின்று கேட்கவும் சேர்த்தே பயிற்சி அளிக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

பொறுத்திருத்தல் பற்றி இன்னொரு செய்தி. அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் வகுப்பில் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். வகுப்பறைக்குச் சொன்னதுதான், ஆசிரியர் கூட்டத்துக்கும் பொருந்தும். "ஏதாவது சொல்லணுமா? இல்லையா? சரி, அடுத்து" என்று நாம் சொல்லி முடிக்க எத்தனை விநாடி ஆகிறது?

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் தலைமையாசிரியரும் நானும் சேர்ந்து சில மாற்றங்கள் செய்தோம். செலவில்லாதவை என்பதால் சொல்கிறேன்.

ஒன்று, கூட்டப்பொருளை முதல் நாளே குழுவில் அனுப்பினோம். யோசித்துப் பேசுபவருக்கு ஓர் இரவு தேவை.

இரண்டு, முடிவெடுக்கும் முன் எல்லோருக்கும் ஒரு துண்டுத்தாள், இரண்டு நிமிடம். எழுதியபின்தான் பேச்சு. முதல்முறை பாதித் தாள்கள் வெற்றாக வந்தன. ஒன்றில் "டீயில் சர்க்கரை அதிகம்" என்று இருந்தது. கோபப்படாமல் அதையும் படித்தோம், அடுத்த முறை சர்க்கரையையும் குறைத்தோம். மூன்றாவது கூட்டத்தில் எல்லாத் தாளிலும் ஏதோ எழுதியிருந்தது.

மூன்று, பணியில் இளையவர் முதலில், மூத்தவர் பிறகு, தலைமையாசிரியர் கடைசியில். அவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குத் தலையாட்டும் வேலைதான் மிச்சம். எனக்கு இது மிகவும் கடினமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரு பயிற்சிதான்.

நான்கு, யோசனை சொன்னவரிடமே வேலையைத் தருவதில்லை. யார் செய்வது என்பதைத் தனியாகப் பேசுவோம்.

ஐந்து, பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, அவரவர் அறிந்ததைக் கேட்டோம். அதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். எல்லோர் முன்னாலும் திடீரென்று எழுப்பிக் கேட்பது உதவியாகாது, தண்டனையாகத்தான் இருக்கும். கழிப்பறை பற்றிப் பேசிய நாளில் தூய்மைப் பணியாளர் அம்மாவையும் உட்கார வைத்தோம். "காலையில ஒருதடவைதான் டேங்க் ரொப்புறாங்க. மதியத்துக்கு மேல பொம்பளப் புள்ளைங்க பக்கம் தண்ணி வராது" என்றார். மதியத்துக்கு மேல் மாணவிகள் ஏன் விடுப்புக் கேட்கிறார்கள் என்று நாங்கள் இரண்டு கூட்டங்களாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆறு, சொன்னது என்னவாயிற்று என்பதை அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் படித்தோம். ஏற்க முடியாததற்குக் காரணம் சொன்னோம். ஏற்காவிட்டாலும் காரணம் சொன்னால் மனிதர்கள் மீண்டும் பேசுகிறார்கள். பதிலே இல்லாவிட்டால்தான் நிறுத்திவிடுகிறார்கள்.

எல்லோரும் மேடைப் பேச்சாளராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலர் கூட்டம் முடிந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் சொல்வார்கள். சிலர் எழுதித்தான் கொடுப்பார்கள். சொல்லட்டும், கொடுக்கட்டும். நமக்கு வேண்டியது அவரிடம் உள்ள செய்திதான்.

பள்ளி மேலாண்மைக் குழுவையும் நினைத்துப் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. சட்டம் நாற்காலி போட்டுவிட்டது. அந்த அம்மாக்கள் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்களா, வாயைத் திறக்கிறார்களா என்பது நம் கையில் இருக்கிறது. எந்தப் பேருந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

திருக்குறளில் அவையஞ்சாமை என்ற அதிகாரம் பேசுபவருக்கு. அவையறிதல் அதற்கு முந்தைய அதிகாரம். கேள்வி என்ற அதிகாரம் இரண்டுக்கும் வெகு முன்னால் வந்துவிடுகிறது. தமிழாசிரியர்கள் என்னைத் திருத்தலாம், ஆனால் அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்றும் கூட்டத்தில் "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வருகிறது. உடனே கடைசி நாற்காலியைப் பார்க்கிறேன். பதிவேட்டில் கையொப்பம் இருப்பது சம்மதத்துக்குச் சாட்சி ஆகாது. அடுத்த வாரம் உங்கள் பள்ளியில் கூட்டம் நடக்கும்போது, தீர்மானத்தை எழுதுவதற்கு முன், பேசாமல் இருக்கும் ஒருவருக்காக ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வையுங்கள்.